பதிவு எண் இல்லாதவன்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கல்லூரியில் மாணவர் நலக் குழுவுக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். கூட்டத்துக்கு வராதவனைத்தானே தேர்ந்தெடுப்பார்கள்! கவலைப்பட வேண்டிய மாணவனை எப்படிக் கண்டுகொள்வது, யாரிடம் சொல்வது என்று சுற்றறிக்கை எழுதியிருக்கிறேன், கூடவே அலுவலகத்தில் நிரப்ப ஒரு படிவமும். அச்சக வேலைக்கு நடுவே மெய்ப்புப் பார்த்துக் கொடு. அறிகுறிகள் ஐந்து: தூக்கம் கெடுவது, ஆட்களைத் தவிர்ப்பது, பிரியமான பொருள்களைக் கொடுத்துவிடுவது, பழையதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது, திடீரென்று அமைதியாகிவிடுவது. "அஞ்சு கம்மியா இருக்கே சார், பத்தாக்குங்க" என்கிறார் முதல்வர்.

என் சதுரங்கப் பலகை பார்சலில் வருகிறது. மாமா வைத்துக்கொள்ளட்டும். சின்ன வயதில் உன் டைரியைத் திருட்டுத்தனமாகப் படித்ததற்கு மன்னித்துவிடு. மாதக்கணக்கில் தூங்காதவனுக்கு இப்போது மனசு லேசாகிவிட்டது.

அன்புடன்,
தம்பி

மார்ச் 6

தம்பி,

சுற்றறிக்கையில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. அச்சை மூலப்பிரதியோடு வரிவரியாக ஒப்பிடுவது என் தொழில். மூன்றாம் அறிகுறியில் கை நின்றுவிட்டது. உன் பார்சல் மேஜைமேல் இருந்தது. நான்காவதற்கு உன் கடிதத்தை எடுத்தேன். ஐந்தாவதும் அதிலேயே இருந்தது: 'மனசு லேசாகிவிட்டது.' இதற்கு மூலப்பிரதி நீதானேடா?

பத்து முறை அடித்தும் நீ போனை எடுக்கவில்லை. கல்லூரி அலுவலகத்துக்கு அடித்தேன். எழுத்தர் உன் படிவத்தை எடுத்து, நான் சொன்ன ஐந்தையும் குறித்துக்கொண்டு, "மாணவரோட பதிவு எண் சொல்லுங்கம்மா" என்றார்.

"மாணவர் இல்லைங்க, வாத்தியார்."

"அதுக்கு இதுல இடமில்லையே. செயலாளர் சாரைத்தான் கேக்கணும்."

"அவருதாங்க!"

 அந்தப் பக்கம் நாற்காலி விழும் சத்தம். வளாகத்தில் இருக்கும் உன் அறைக்கு ஓடியிருக்கிறார்.

நானும் மாமாவும் ரயிலில் இருக்கிறோம்.  இதை உன் கையில்தான் கொடுப்பேன். நீ கதவைத் திறந்தால் போதும்.

அக்கா

மார்ச் 29

அக்கா,

அன்று எழுத்தர் உள்ளே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தபோது அதிர்ந்துபோனேன். என்னைப் பற்றியா புகார்? "பதிவு எண் இல்லாம எழுதிட்டேன், மன்னிக்கணும் சார்" என்றவர், நீங்கள் வரும்வரை எழுந்திருக்கவில்லை. படிவத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். ஐந்துக்கும் நேரே குறி. ஒன்றைக்கூடத் தப்பென்று அடிக்க முடியவில்லை.

புகார் கொடுத்த கோபத்தில் உன்னோடு இரண்டு வாரம் பேசாததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் மறுபடி ரயில் ஏறிவிடுவாய். தூக்கம் இன்னும் சரியாக வரவில்லை. மருத்துவரிடம் அதை மறைக்கவில்லை.

படிவத்தில் 'பதிவு எண்' என்பதை எடுத்துவிட்டு 'யார்' என்று போட்டிருக்கிறேன். மெய்ப்புப் பார்.

பலகையைத் திருப்பி அனுப்பு, அக்கா. அது எனக்கு வேண்டும்.

தம்பி