அப்பாவின் படகு மோட்டார்

தம்பிக்கு,

அப்பாவைக் கேட்காமல் நீ விற்ற பழைய படகு மோட்டார் நேற்று வீடு வந்து சேர்ந்தது. அப்பா படுக்கையில் கிடக்கும் நிலைமையை நான் சொன்னதும், வாங்கியவரே மனமிரங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் ஊரிலிருந்து ஏற்றி வரத்தான் உன்னைக் கேட்டேன். "இரும்புச் சாமானுக்கெல்லாம் வேன்ல இடமில்லக்கா" என்றாய். மறுநாள் காலி வேனோடு நம் தெரு முனையைத் தாண்டிப் போனாய். பார்த்தேன்.

என்னைப் போல் பழைய மோட்டார் சேகரிப்பவர்கள்தான் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர். காரின் பின்சீட்டில் போர்வை சுற்றிப் படுக்க வைத்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டினார். கடைசித் தூரம் ஒரு டீச்சரம்மா, முட்டிவலியோடு, பஸ்ஸில். "பெரியவரு காத்துக்கிட்டிருப்பாரேன்னு நானே தூக்கிட்டு வந்துட்டேன்" என்றார். யாரோ எவரோ! சொந்த மகனுக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

ஓடுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் டிரம்மில் மாட்டிக் கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் ஓடியது. ஜன்னலுக்குள்ளிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"சின்னவன் கொண்டாந்துட்டானா?"

"ஆமாப்பா."

வேறென்ன சொல்லச் சொல்கிறாய்?

உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

அக்கா