வாசல் வெளிச்சத்தில் மயில்கழுத்து

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். ஏழரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பதினொரு மணிக்குள் ஒன்பது பேருக்கு ஜாக்கெட் துணி வெட்டியாகிவிட்டது. வைகாசி முகூர்த்தம் வருகிறதே, மேட்சிங் கடையில் கூட்டத்துக்கா பஞ்சம்.

மத்தியானம் ஒரு அம்மா வந்தார். மயில்கழுத்துப் பட்டுப்புடவை. மயில்கழுத்து என்றாலே வம்புதான். டியூப் லைட்டில் நீலமாக நிற்கும், வெளிச்சத்துக்குப் போனால் பச்சை அடிக்கும். "வாசலுக்கு வாங்கம்மா, ஒரு வாட்டி வெளிச்சத்துல பாத்துட்டு வெட்டிடலாம்" என்றேன். எங்கள் கடையில் யாராக இருந்தாலும் இதுதான் வழக்கம்.

"இந்த வெயில்ல என்னை நிக்க வெக்கிறியா? நீலம்னு சொல்றேன்ல, வெட்டு."

"பச்சைதாம்மா சேரும்" என்று இரண்டு தடவை சொன்னேன். முதலாளி நஜிமுதீன் பாய் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தார், மூன்றடி தூரத்தில். கடைசியில் நீலத்தையே வெட்டிக் கொடுத்தேன்.

மே 8, வியாழன்

அந்த மயில்கழுத்துக்காரி மறுபடி வந்தாள்.

தைக்கக் கொடுத்த இடத்தில், இது புடவைக்குச் சேராது என்று சொல்லிவிட்டார்களாம். அந்த நீலத் துணியைச் சுருட்டி என் முகத்தில் எறிந்தாள். முகத்தில்! கடையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். "வடக்குத்து கிராமத்துலேர்ந்து பஸ் ஏறி வர்றவளுக்குப் பட்டு கலர் என்ன தெரியும்? எங்க வூட்டுக்காரர் யாருன்னு தெரியுமா? டவுன்ஷிப்புல ஒரு பிளாக் விடாம சொல்லி இந்தக் கடைக்கு ஆளே வராம பண்ணிடுவேன்."

நான் பாயைப் பார்த்தேன். அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷன்தானே. இரண்டு வார்த்தை போதும். அவர் எழுந்து வந்து, "மணிமொழி, மேடத்துக்கு ஒரு சாரி சொல்லிடும்மா" என்றார்.

சொன்னேன். சொல்லித் தொலைத்தேன். ஏன்டி சொன்னே? வாய் எங்க போச்சு உனக்கு?

'வெட்டிய துணி திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சுவரில் போர்டு. அதற்குக் கீழேயே நின்று பாய் அதைத் திரும்ப வாங்கினார். என்னையே பச்சை வெட்டித் தரச் சொன்னார். வெட்டினேன்.

மே 9, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்துக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். "விடு புள்ள. பதினாறு வருஷமா கான்ட்ராக்டுல இருக்கேன், மைன்ஸ்ல நான் கேக்காத பேச்சா?"

அதற்கும் எரிச்சல்தான் வந்தது. நீ கேட்டா நானும் கேக்கணுமா? உனக்குப் பழகிடுச்சுன்னா எனக்கும் பழகணுமா? ரசச் சட்டியை வைத்த வேகத்தில் பாதி தரையில். யார் துடைப்பது? நானேதான் துடைத்தேன்.

மே 10, சனி

நாலு மணிக்குப் பாய் எல்லோருக்கும் டீ வாங்கி வைப்பார். நான் தொடவில்லை. கடை சாத்தும்வரை என் டம்ளர் ஆடை கட்டி அப்படியே இருந்தது.

மே 12, திங்கள்

கேட்டேவிட்டேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து.

"பாய், அன்னிக்கு நான் பச்சைன்னு சொன்னது உங்க காதுல வுழுந்துச்சா இல்லியா?"

பாய் போனை எடுத்தார். அடிக்காத போனைக் காதில் வைத்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்றபடி வெளியே போய்விட்டார்.

மே 14, புதன்

இன்றும் டீ குடிக்கவில்லை.

மே 17, சனி

குள்ளஞ்சாவடியில் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் கேட்கிறார்கள். ஜூன் ஒன்றாம் தேதி வரச் சொல்கிறார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும்.

இந்தக் கடையில் பதினோரு வருஷம். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை — கரண்ட் போனாலும் எது எந்தத் தட்டில் என்று கை தானாகப் போகும். போக மனசே இல்லை. ஆனால் தேவைப்படும்போது மட்டும் செவிடாகிற முதலாளியிடம் எப்படி நிற்பது? என்னிடம் அவர் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். "ஆமா, கேட்டுச்சு" என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இருந்துவிடுவேன்.

மே 19, திங்கள்

மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று பாயிடம் சொன்னேன்.

"ஏம்மா?" என்றார்.

ஏனாம்! தெரியாதாம்!

மே 24, சனி

வந்தாள் இன்றைக்கு. மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு புடவை, மாம்பழ மஞ்சள். நான் கத்திரிக்கோலைக்கூடக் கையில் எடுக்கவில்லை. அதற்குள், "இவ வேணாம் பாய், வேற ஆள விட்டு வெட்டச் சொல்லுங்க. இவளுக்குக் கலர் தெரியாது" என்றாள். அன்றைக்கு மாதிரியே கடை நிறையக் கூட்டம். எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. இந்தத் தடவை வாயைத் திறந்துவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு நின்றேன்.

பாய் கல்லாவை விட்டு எழுந்தார். போச்சு, மறுபடியும் சாரிதான் என்று நினைத்தேன்.

"இந்தக் கடையிலயே கலர் தெரிஞ்ச ஆளு மணிமொழிதாம்மா. அன்னிக்கு அது பச்சைன்னுதான் சொல்லுச்சு. ரெண்டு வாட்டி சொல்லுச்சு. நீங்கதான் நீலம்னீங்க. நான் பக்கத்துல கேட்டுக்கினுதான் இருந்தேன்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லாருக்குங்க வியாபாரம்! இனிமே பாருங்க, யாரு வர்றாங்கன்னு" என்று புடவையை வாரி எடுத்துக்கொண்டாள். போகிற போக்கில் ஸ்டூலை ஒரு உதை. நான் ஸ்டூலை நிமிர்த்தி வைத்தேன்.

நாலு மணிக்கு டீ வந்தது. பாய் என் டம்ளரைத் தானே எடுத்து வந்து என் மேசையில் வைத்துவிட்டு, தள்ளிப் போகாமல் அங்கேயே நின்றார். கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. மூன்றடி தூரத்தில் சொன்னது ஒரு மனுஷன் வாய்க்கு வந்து சேரப் பதினெட்டு நாளா? நிற்கட்டும் கொஞ்ச நேரம் என்று இரண்டு பேரை வாசலுக்குக் கூட்டிப் போய்ப் பார்த்து, துணி வெட்டி, மடித்துக் கொடுத்தேன். அப்புறம் எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. சர்க்கரை வேறு தூக்கல்.