ஆம்பூரில் கடல்மூட்டம்

டிசம்பர் 7, ஞாயிறு

ஆன்லைன் இயற்கைக் குறிப்பேட்டு வகுப்பில் இந்த மாதப் பாடம், கடலோர மூடுபனி. நீர்வண்ணத்தில் வரைய வேண்டுமாம். ஆம்பூரில் கடலுக்கு எங்கே போவது? பாலாற்றுக்குத் தண்ணீரே விருந்தாளி மாதிரிதான் வந்து போகும். நல்லவேளை, என் வீட்டுக்காரர் ஓமானில், சலாலாவில், கடலுக்குப் பக்கத்துக் கிடங்கில் வேலை பார்க்கிறார். மூட்டமாகப் பார்த்துத் தினம் ஒரு படம் அனுப்பச் சொன்னேன்.

"கடலா? இன்னா பாரதி, திடீர்னு?" என்றார்.

போய் ஒன்றரை வருஷம். வீடியோ காலில் நான் பார்த்தது அவர் முகத்தை மட்டும்தான். அதுவும் இப்போதெல்லாம் பின்னால் வெறும் சுவரோடு.

டிசம்பர் 10

படம் வந்தது. மூட்டம், அலை, ஒரு பறவை. டீச்சர் சொல்கிறார்: மூடுபனியை வரையக் கூடாது, தாளை நனைத்து வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு வகுப்பு! எங்கள் பேக்டரி மேனேஜர் சேர்ந்தால் முதல் பரிசு அவருக்குத்தான்.

டிசம்பர் 12

அதே பறவை, அதே இடத்தில். தவம் செய்கிறது போல.

டிசம்பர் 15

ஷூ பேக்டரியில் என் வேலையே தோலில் குறை கண்டுபிடிப்பது. உண்ணி கடித்த தழும்பைக்கூட விடமாட்டேன். என்னிடமே கூகுளில் எடுத்த படத்தைத் தள்ளிவிடுகிறார்.

"நீங்களே எடுத்து அனுப்புங்க" என்று போனில் கத்தினேன்.

"டூட்டி ஜாஸ்திம்மா."

டிசம்பர் 18

பக்கத்து மேஜை ஹுமேராவின் அண்ணனும் சலாலாவில்தான். என் ஓவியத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாக்கா, அங்க மூட்டம்லாம் ஜூலை, ஆகஸ்டுலதான். இப்போ நல்ல வெயில்னு அண்ணன் நேத்துதான் சொன்னான்."

என்றைக்காவது ஒருநாள் இருக்கலாம் என்றேன். அவருக்கு வக்காலத்து வாங்க என்னை விட்டால் ஆள் ஏது?

டிசம்பர் 21, ஞாயிறு

அவரே எடுத்த படம்! சந்தேகமே இல்லை, பாதியில் விரல் தெரிகிறது. வெள்ளை மூட்டத்துக்கு நடுவில் ஒரு படகு. அதன் மூக்கைச் சரியாக வரையலாமே என்று பெரிதாக்கினேன். ஏதோ எழுத்து. ஐ.என்.டி. — டி.என்.

தமிழ்நாட்டுப் படகு. பாவம், ஓமான் வரைக்கும் மீன் பிடிக்கப் போயிருக்கிறது.

எங்க இருக்கார் இந்த மனுஷன்? யாரோட? எங்கிட்ட ஏன் சொல்லல? மூட்டத்துல எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சாரா?

டிசம்பர் 22

கத்தலாம். மாமியாரிடம் சொல்லலாம். நான் வரைந்தேன். கடல், வானம், கரை எல்லாவற்றையும் வெள்ளையாக விட்டேன். படகையும் அந்த எழுத்துகளையும் மட்டும் சின்னத் தூரிகையால் பிசகாமல் எழுதினேன். போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன், ஒரு வார்த்தை சேர்க்காமல்.

பார்த்துவிட்டார்.

டிசம்பர் 23

வேலைக்கு நடுவில் பத்துத் தடவை போனை எடுத்துப் பார்த்தேன். இனிமே போனே பண்ணாம போய்ட்டா?

டிசம்பர் 24

மத்தியானம் கூப்பிட்டார். எடுத்ததுமே, "காசிமேடு" என்றார்.

செப்டம்பரிலேயே கம்பெனியை மூடி எல்லோரையும் அனுப்பிவிட்டார்களாம். சென்னையில் இறங்கியவர் அங்கேயே ஐஸ் பேக்டரியில் சேர்ந்துவிட்டார். "ஊரே மாலை போட்டு அனுப்பிச்சுதே. உன் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

மாலை வாடி ஒன்றரை வருஷம் ஆகிறது, அதை இன்னும் கழற்றவில்லை மகாராஜா. வேறு யாரோடும் இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"மொதல்ல வீட்டுக்கு வாங்க. நேர்ல திட்றேன்."

டிசம்பர் 27, சனி

வந்தார். சொன்னபடி திட்டினேன். பாதியில் எனக்கே அழுகை வந்துவிட்டது. அதற்குள் மாமியார் வாசலில் நின்று தெருவுக்கே அறிவித்துவிட்டார்: "எம்புள்ள ஓமான்லேர்ந்து லீவுல வந்திருக்கான்!"

எதிர்வீட்டுப் பஞ்சாட்சரம் வந்தார். "எப்போப்பா ஓமான் திரும்பற?"

இவர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "ஓமான் இல்லண்ணா. காசிமேட்டுல ஐஸ் பேக்டரில இருக்கேன்" என்றார், மாமியாருக்கும் கேட்கும்படி.

பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி… அங்க எப்போ போற?" என்றார்.

"திங்கக்கெழம" என்றேன் நான். "ரெண்டு பேரும் போறோம்."