ராத்தாவுக்குச் சொந்தமான சொற்கள்

ராத்தா,

இன்று காலை பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. நம்பர் பிளேட்டில் பி, எச், ஆர். அரைத் தூக்கத்தில் இருந்த எனக்கு ‘ஹார்பர்’ என்ற சொல் எங்கிருந்தோ மிதந்து வந்தது. பக்கத்து சீட் பக்கம் திரும்பிச் சொல்லியும் விட்டேன். அங்கே இருந்த, கம்பஸில் படிக்கிற பிள்ளை காதிலிருந்த வயரைக் கழற்றி, “என்னையா அன்ரி கூப்பிட்டீங்க?” என்றாள். இல்லை பிள்ளை, சும்மா என்றேன்.

நான் கட்டைபறிச்சானில் ஏறுவேன், நீங்கள் மூதூரில் ஏறுவீர்கள். உங்கள் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடப் பழகினேன். உங்களுக்காகச் சீட்டில் என் பையை வைத்திருப்பேன். டவுனில் இருவருக்கும் வேறு வேறு அலுவலகம், ஆனால் ஒரே பயம். பதவி உயர்வு வேண்டுமென்றால் இங்கிலீஷ் சோதினை எழுத வேண்டும். புத்தகத்தை விரித்தால் எனக்குத் தலை சுற்றும். “புத்தகத்த மூடுங்க புள்ள, றோட்டப் பாருங்க” என்று நீங்கள் தொடங்கி வைத்ததுதான் இந்த விளையாட்டு. முன்னால் போகும் வாகனத்தின் எழுத்துகள் எல்லாம் உள்ளே இருக்கிற ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து எந்த ஒழுங்கில் வந்தாலும் சரி. கிழக்கு மாகாணத்தைக் குறிக்கும் இ, பி மட்டும் கணக்கில்லை. “அது ஊருக்கே பொது, விடுங்க” என்பீர்கள்.

முதலில் சொன்னவருக்கே அந்தச் சொல் சொந்தம் என்பதும் உங்கள் சட்டம்தான். மற்றவர் அதைப் பாவிக்க வேண்டுமென்றால் கேட்க வேண்டும். “தாறீங்களா ராத்தா?” “எடுங்க.” அப்படித் தந்தால்தான் உண்டு. எல், வை என்று ஒரு லொறி எங்களை முந்தவும் விடாமல் ஊர்ந்தபோது நீங்கள் ‘ஸ்லோலி’யைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்களிடம் கேட்க ரோசப்பட்டு, அலுவலகக் கடிதங்களில் அந்தச் சொல் வராமல் நான் சுற்றி வளைத்து எழுதியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் களவெடுக்க மனம் வரவில்லை.

இருவரும் சோதினை பாஸ் பண்ணினோம். விளையாட்டை மட்டும் விட முடியவில்லை. கொட்டியாரக் குடாவின் மேல் பனி படுத்திருக்கும் காலைகளில் கடல் எது வானம் எது என்று தெரியாது. தூரத்தில் ஒரு கப்பல் எதன் மேலும் நிற்காதது போல நிற்கும். நீங்கள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருப்பீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நான் நினைத்திருக்கும்போது உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரும்.

“அந்த வாகனம் எப்பவோ போயிற்றுது ராத்தா.”

“போனா என்ன புள்ள, எழுத்து நிக்குதுதானே.”

பிறகு நீங்கள் வராத நாட்கள் வந்தன. காய்ச்சல்தான் என்றீர்கள். நானும் நம்பி, சீட்டில் பையை வைத்துக்கொண்டு போனேன். ஒரு நாள் நான் அலுவலகத்தில் போய் இருந்ததும் உங்கள் மகள் அழைத்தாள். “உம்மா மவுத்தாகிட்டா. லுஹர் தொழுகையோட ஜனாஸா எடுக்கிறாங்க. முகம் பாக்கிறதெண்டா இப்பவே வாங்க.”

மத்தியானத்துக்குள் மூதூரில் நிற்க வேண்டும். எங்கள் பெரியவரோ லீவுக் கடிதம் இங்கிலீஷில் இல்லாவிட்டால் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். நின்றபடியே எழுதினேன். மரணம் என்று எழுதி, யாருடைய மரணம் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ‘ஃபிரெண்ட்’ உங்களுடைய சொல். என், டி என்று ஒரு பஸ் எங்களை முந்திப் போனபோது பிடித்தீர்கள். அன்று வரை நான் அதை உங்களிடம் கேட்டு வாங்கியதே இல்லை. மூதூர் பஸ் போய்விடும், கை மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. கடைசியில் ‘சிஸ்டர்’ என்று எழுதி நீட்டினேன்.

பெரியவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “உமக்கு ஒரு அக்கா இருக்கிறா எண்டு தெரியாதே.”

“மூதூரில இருந்தவ, சேர்.”

உடனே கையெழுத்து வைத்தார். கூட்டாளி என்றால் பின்னேரம் போகலாம் என்றிருப்பார்.

வந்து சேர்ந்துவிட்டேன் ராத்தா. பெண்கள் விலகி வழி விட்டார்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் சாய்ந்திருக்கும் அதே முகம். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்றே எனக்குப் பட்டது. ஜனாஸாவைத் தூக்க வெளியே ஆண்கள் கூடும் சத்தம் கேட்கும் வரை காத்திருந்தேன்.

‘ஃபிரெண்ட்’ என்ற அந்த ஒரு சொல்லை இப்போதும் நான் எழுதுவதில்லை. எந்தச் சிநேகிதியின் நன்மை தீமைக்கு லீவு கேட்டாலும் ‘சிஸ்டர்’தான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் ஏராளம் என்று அலுவலகத்தில் நினைத்துக்கொள்கிறார்கள். கேட்டிருந்தால் எடுங்க என்று தந்திருப்பீர்கள், தெரியும். நான்தான் கேட்காமல் இருந்துவிட்டேன், என்றைக்கும் கேட்கலாம் என்று.