ரோஜாத் தொட்டி ஆகாத படகு

என்றைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத என் வீட்டுக்காரருக்கு,

ஏனுங்க, நம் படகு மறுபடி ஏரியில் ஓடுகிறது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தாங்காது.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மழைக்காலம் முழுக்க அது கரையிலேயே கிடந்தது. எஞ்சின் இறுகிப்போய், கயிற்றை எப்படி இழுத்தாலும் அசையவில்லை. ஒண்டிக்கடை முக்குப் பக்கம் புதிதாக லாட்ஜ் கட்டியவர் படகை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். எதற்குத் தெரியுமா? வாசலில் வைத்து, மண்ணைக் கொட்டி, ரோஜாச் செடி வளர்க்க. உங்கள் தம்பிகூட, "குடுத்துப் போடுங்க அண்ணி. சீசனுக்குள்ள ஓடலைன்னா ஏரியில சவாரி விடற நம்ம எடமும் போயிருமுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்து ஓட்டிய இடத்தில் எருவைக் கொட்டுவார்களா?

மிளகு விற்ற கையோடு சேலத்துக்குப் போய் எஞ்சின் வாங்கினேன். பழையதைவிடப் பெரிசு. மாட்டித் தர வந்த மெக்கானிக், படகின் பின்பலகையில் அதை வைத்துத் திருகை முறுக்கினார். திருகு நிற்கவே இல்லை, உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"ஏனுங்கக்கா, இது பலகையில்லீங்க, டீயில நனைச்ச ரொட்டிங்க. இந்த எஞ்சினை மாட்டுனா பலகையோட பிச்சுக்கிட்டு ஏரிக்குள்ள போயிருமுங்க."

வெளியே நீங்கள் அடித்த பச்சை பெயிண்ட் அப்படியே மின்னியது. உள்ளே கறுத்துப்போய், விரலால் நோண்டினாலே உதிர்ந்தது.

இது யார் செய்த வேலை? வேறு யார், நீங்கள்தான். எஸ்டேட் களத்தில் அத்தனை வருஷம் காப்பி காயவைத்த ஆள். தலைக்கு மேல் ஒரு மேகம் வந்தால் போதும், தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். படகையும் அப்படித்தான் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினீர்கள். சவாரி இல்லாத நாளெல்லாம் அது மூடியே கிடந்தது. உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகையைத் தின்றுவிட்டது. தார்ப்பாயின் இன்னொரு முனையைப் பிடித்தவள் நான். நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லையே? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பின்பலகை மொத்தத்தையும் அறுத்து எடுத்தோம். மகள் ஸ்டெல்லாவின் கல்யாணக் கட்டிலுக்கென்று நீங்கள் அறுத்துக் காயப்போட்டிருந்தீர்களே பலாப் பலகை, அதை அவளே இழுத்து வந்தாள். "கட்டிலு கெடக்குதும்மா, படகு மொதல்ல" என்றாள். உங்கள் பெண்தான், சந்தேகமே இல்லை. சர்ச்சுக்கு பெஞ்சு செய்கிற ஆசாரி இரண்டு பலகையைச் சேர்த்து ஒட்டி, போல்ட் போட்டு முறுக்கினார். ஓரமெல்லாம் நானே தார் பூசினேன். நகக்கண்ணிலிருந்து அது இன்னும் போகவில்லை.

முந்தாநாள் தண்ணீரில் இறக்கினோம். நீங்கள் கரையில் உட்கார்ந்து பீடி குடிக்கும்போதெல்லாம் நான் ஓட்டிப் பார்த்தது வீண்போகவில்லை. எஞ்சினை முழு வேகத்தில் விட்டேன். ஸ்டெல்லா பின்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "அசையலைம்மா, நொம்ப கெட்டியா இருக்குது" என்றாள். ஏரியை முழுசாகச் சுற்றி வந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லைங்க. உங்களை நினைத்தும் பெருமை, என்னை நினைத்தும் பெருமை. இதில் என்ன வெட்கம்?

இன்று காலை, பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம் முதல் சவாரிக்கு நின்றது. அதில் பெரியவர் ஒருவர் படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, படகு ஓட்டறவரு எப்ப வருவாரு?"

"வந்தாச்சுங்க. ஏறி உக்காருங்க" என்றேன்.

என் கையில் தெம்பு இருக்கிற வரைக்கும் நீங்கள் உட்கார்ந்து ஓட்டிய அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விட மாட்டேன். இது சத்தியம்.

இப்போது படகுக்காரியும் ஆகிவிட்ட
உங்கள் மனைவி,
லூர்து