டாஷ்போர்டைத் திறக்க விடாத அண்ணனுக்கு

என்னுடைய எல்லாம் தெரிந்த அண்ணா,

உன் காரில் ஏசி வேலை செய்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ சந்தோஷப்படுவாய் என்பதற்காக இல்லை, கொஞ்சமாவது வெட்கப்படுவாய் என்பதற்காக.

நீ திடீரென்று போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அடுத்த மாதமே அண்ணிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் ஆயிற்று, மருந்து ஏற்றி முடி கொட்டியாயிற்று, இப்போது ரேடியேஷன். அபிராமபுரத்திலிருந்து அடையாறுக்குத் தினமும் மத்தியானம் போய்வர வேண்டும், சனி ஞாயிறு மட்டும் லீவு. அதுவும் இந்த மே மாத வெயிலில். கதிர் பட்ட தோல் வெந்து கிடக்கிறது, அங்கே வியர்வை தங்கக் கூடாது என்கிறார்கள். ஆட்டோ சரிப்படாது. வாடகைக் காரில் ஏறினால் உள்ளே தொங்கும் சென்ட் வாசனைக்கே அண்ணி வாந்தி எடுக்கிறார். ஆகவே உன் பதினெட்டு வருஷத்துக் காரை நான் ஓட்டுகிறேன். ஆமாம், எனக்கு ஓட்ட வராது என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாயே, அந்தக் காரைத்தான்.

சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு ஏசியைப் போட்டுப் பார்த்தேன். அனல்தான் வந்தது. தி. நகரில் நீ வழக்கமாகப் போகும் கார் ஏசி கடைக்கே போனேன். அங்கிருந்த மேதாவி பானெட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "கேஸ் எறங்கிருக்கும் மேடம், அடிச்சிட்டா ஐஸ் மாதிரி ஆயிடும். சார் வரலியா?" என்றான். சார் செத்துப் போய்விட்டார் என்றேன். அதற்கும் "ஓகே மேடம்" என்று கேஸை அடித்து அனுப்பிவிட்டான்.

நாலு நாள் ஜில்லென்று இருந்தது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அடையாறு பாலத்து நெரிசலில் சூடாக ஊத ஆரம்பித்தது. அண்ணி முந்தானையை மார்பிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் திட்டினேன். உன்னைத்தான், பேர் சொல்லி, பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

ஒவ்வொரு ஏப்ரலும் உனக்கு அது ஒரு சடங்கு, ஞாபகம் இருக்கிறதா? கேஸ் அடித்துக்கொண்டு வந்து, என்னவோ ஏசியை நீயே கண்டுபிடித்த மாதிரி, "வருஷா வருஷம் அடிக்கணும், அவ்ளோதான் விஷயம்" என்று எங்களுக்குப் பாடம் எடுப்பாய். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு யார் வருஷா வருஷம் கேஸ் அடிக்கிறார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நீ முட்டாள் என்றால், உன்னை நம்பிய நாங்கள் யார்?

"மந்தைவெளியில ஒரு பாய் இருக்காரு," என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமலே. "உங்கண்ணன் முன்ன அங்கதான் விடுவாரு. அப்புறம் ஏதோ சண்ட. இப்பவே போலாம் மல்லிகா."

கரீம் பாய் தொழுகை முடித்து அப்போதுதான் கடைக்கு வந்திருந்தார். குழாய் இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தார், ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியை, காருக்குள் காற்று வரும் துவாரத்தில் நுழைத்தார். அது வீல் என்று கத்தியது. பாய் சலித்துக்கொண்டார்.

"இது சாரோட வண்டிதானே? நாலு வருசத்துக்கு முன்னயே சொன்னேம்மா. உள்ள கூலிங் காயில்ல ஓட்ட கீது, டாஷ்போர்ட கழட்டி மாத்தினாதான் ஆவும்னு. ஓட்டைய வச்சிக்கினு கேஸ் அடிச்சா நிக்குமா? இப்ப அது பெருசாயிடுச்சி. சார் கேக்கல. சாமிய எடுக்கக் கூடாதுன்ட்டாரு. கோவிச்சிக்கினு போய்ட்டாரு."

சாமி! கார் வாங்கிய அன்று டாஷ்போர்டின் நடுவில் நீ ஒட்டிய பிள்ளையார். இரண்டு ட்யூபைக் கலக்கித் தடவும் பசையில், சரியாக இரண்டு பாகம் சேரும் இடத்தில், கீழே இருக்கும் ஸ்க்ரூவையும் மூடி ஒட்டியிருக்கிறாய். பிள்ளையாரைப் பெயர்க்காமல் டாஷ்போர்டு கழலாது. இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் ஒட்டுகிறார்கள் என்றார் பாய். ஆனால் அதைச் சாக்காக வைத்து நாலு வருஷம் ஓட்டியவன் நீ ஒருவன்தான். பக்தி என்று என்னிடம் கதை விடாதே. செருப்பு தொலைந்துவிடும் என்று கோயில் வாசலிலேயே நின்றுவிடுகிற ஆள் நீ. திறந்தால் உள்ளே என்ன இருக்குமோ என்று உனக்குப் பயம். அதைச் சொல்லிக்கொள்ள முடியாமல் சாமிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய், பயந்தாங்கொள்ளி.

"நான் அதுல கை வெக்க மாட்டேம்மா," என்றார் பாய். "உங்க சாமி. வீட்டாளுங்களே எடுத்துக் குடுங்க."

நீ ஒட்டியதாயிற்றே, அண்ணி அழப்போகிறார் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன சித்திரையிலயே கட்டி தட்டுப்பட்டுச்சு மல்லிகா. அவர்கிட்ட சொன்னேன். கொழுப்புக் கட்டி, எனக்கும்தான் முதுகுல இருக்கு, டாக்டர்கிட்ட போனா இல்லாததெல்லாம் கெளப்புவான்னாரு. வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொன்னாரு. ஆறு மாசம் குடுத்தேன்."

அதுவரை இதை என்னிடம் அண்ணி சொன்னதில்லை. இத்தனை மாதமாக உன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கு நீ தகுதியானவனா, அண்ணா?

பாயிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு அண்ணி காருக்குள் ஏறினார். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையைச் சரியாகத் தூக்க முடியாது. இன்னொரு கையால் நெம்பினார். உதவிக்குப் போனேன், வேண்டாம் என்றார். கால் மணி நேரம் ஆயிற்று. பிள்ளையார் முழுசாக வந்தார், டாஷ்போர்டில்தான் ஒரு சில்லு பெயர்ந்தது. முந்தானையால் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "இப்ப கழட்டுங்க பாய்," என்றார் அண்ணி.

சனி, ஞாயிறு, இரண்டே நாள். காயிலை மாற்றி, உள்ளே இருந்த காற்றையெல்லாம் மெஷினால் உறிஞ்சி எடுத்து, இனிமேல் கசிவு இல்லை என்று தெரிய மீட்டர் முள் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பாய் கேஸ் ஏற்றினார். நாலு வருஷம் நீ தள்ளிப்போட்ட வேலை இவ்வளவுதான்.

மூன்று வாரம் முடிந்துவிட்டது. நேற்று வரும்போது அண்ணி, "கொஞ்சம் கொறச்சு வை, குளிருது," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவி, உன்னைத் திட்டும்போதுகூட நீ இல்லாதது வலிக்கிறது. ஆறு மாதம் முன்பே வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். அதையெல்லாம் இப்போது நினைக்காதீர்கள் என்றார். நினைக்காமல் எப்படி இருப்பது?

இன்னும் பத்து நாள் சிகிச்சை பாக்கி. ஒரு நாள் விடாமல் அழைத்துப்போவேன். அப்புறம் வரும் பரிசோதனைகளுக்கும் நான்தான் ஓட்டுவேன். அண்ணி பிழைத்து எழுந்துவிட்டால் உன்னை மன்னித்துவிடுகிறேன், இது என் வாக்கு. இல்லையென்றால் அண்ணியே அங்கே வருவார், நீயே பதில் சொல்லிக்கொள். கொழுப்புக் கட்டி என்று மட்டும் அப்போதும் சொல்லிவிடாதே.

இன்னும் உன்னை மன்னிக்காத உன் ஒரே தங்கை,
மல்லிகா