என் தட்டில் ஈரல்

9 ஜூன் 2003, திங்கள்

ஹீமோகுளோபின் 7.6.

டாக்டர் சாராள் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "பத்து வராம நான் கத்தியத் தொடமாட்டேன், பிரபாவதிம்மா. அவசரம்னா ரத்தம் ஏத்திக்கலாம். உங்க பையனக் கூட்டிகினு வாங்க."

பையனைக் கூட்டி வருவதென்றால் முதலில் அவனுக்குச் சொல்ல வேண்டும். என்னவென்று? கருப்பை கீழே இறங்கிவிட்டது, ஐந்து வருடமாக அந்தப் பாரத்தோடுதான் நடக்கிறேன், சேர்ந்தாற்போல் கால் மணி நேரம் நிற்க முடியாது, பஸ் குலுங்கினால் புடவை நனைந்துவிடுகிறது — இதையா? தமிழ்வாணனிடமா?

சொன்னால் மறுநாளே வேன் வைத்து என்னைக் கேளம்பாக்கம் ஃபிளாட்டுக்கு ஏற்றிவிடுவான். அவன் அப்பா காலமானதிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்தச் செங்கல்பட்டு வீட்டுக்கு ஆள்கூடப் பார்த்து வைத்திருக்கிறான், வாடகைக்கு.

இரும்பு மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலச்சிக்கல். முக்கினால் இறங்கியது இன்னும் இறங்குகிறது.

ஆகவே சாப்பிட்டே ஏற்ற வேண்டும். அக்டோபர் இருபதாம் தேதி டாக்டர் தன் பெண்ணின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறார்; வர ஆறு மாதம். இன்னொருவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அதற்குள் பத்து.

12 ஜூன், வியாழன்

நூலகத்தில் உணவுச் சத்து அட்டவணை இருக்கிறது. உட்கார்ந்து படித்தேன்.

பலத்துக்குச் சதைக்கறி, அதிலும் தொடைக்கறி என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். ஈரல் என்பது நாக்குக்கு. இப்போது பார்த்தால் புரதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொழுப்பு சதைக்கறியில்தான் அதிகம். இரும்பு, ஈரலில் இரண்டரை மடங்கு. ஃபோலிக் அமிலமும் பி-பன்னிரண்டும் ஈரலில் கொட்டிக் கிடக்கின்றன. சதைக்கறியில் ஃபோலிக் பெயருக்குத்தான் இருக்கிறது. இருமுறை பார்த்தேன், வரி மாறிப் படித்துவிட்டேனோ என்று. மாறவில்லை.

கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு மாமியார் சொன்னது: "ஈரல் ஆம்பளைங்களுக்கு. பொம்பளைக்கு எதுக்கு?" அன்றிலிருந்து ஈரல் என் கணவர் தட்டுக்குப் போயிற்று. பிறகு தமிழ்வாணன் தட்டுக்கும். மாதாமாதம் ரத்தம் போனவள் நான், பிள்ளை பெற்றவள் நான். ஈரல் அவர்களுக்கு! யாரிடம் கோபப்படுவது? பரிமாறியது என் கைதானே.

15 ஜூன், ஞாயிறு

வேண்டாவைக் கறிக்கடைக்கு அனுப்பினேன். பன்னிரண்டு வருடமாக என் வீட்டில் சமைப்பவள். ஈரல் மட்டும் தனியாகக் கேள் என்று படித்துப் படித்துச் சொல்லியும் அரைக் கிலோ கறியும் அதன் மேல் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஈரலும் கொண்டு வந்தாள்.

"தனியாலாம் தரமாட்டாராம்மா. 'ஈரல ஒனக்குக் குட்த்துட்டா மீதிக் கறிய எவன் தலையில கட்றது'ன்னு கேக்கறாரு பாய். அதுவும் ஞாயித்துக்கெழமை வந்துகினு ஈரல் கேக்கறியேன்னு எல்லாரும் சிரிக்கிறாங்கோ."

நானே ஆட்டோ பிடித்துப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கறிக்கடை வாசலில் என்னை யாரும் பார்த்ததில்லை. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் எனக்கென்று கால் கிலோ எடுத்து வைக்க ஏற்பாடு.

ஈரலைத் தொடவே அருவருப்பாக இருந்தது. ரத்தம் நிற்கும்வரை மஞ்சள் நீரில் அலசி, வேகவைத்து, அந்தத் தண்ணீரை இறுத்துக் கொட்டி, பிறகு வறுக்கச் சொன்னேன். கான்வென்ட்டில் எங்களுக்குக் கற்பித்த சுத்தம் அது. ரப்பரைத் தின்பது போல் இருந்தது. தட்டு காலி.

2 ஜூலை

தட்டு காலி.

21 ஜூலை, திங்கள்

7.9.

ஐந்து வாரத்துக்கு இவ்வளவுதானா? டாக்டர் அறையில் குரலை உயர்த்திவிட்டேன். தினமும் இருவேளை சாப்பிடப்போகிறேன் என்றேன். அவரும் உயர்த்தினார்.

"தினமும் ஈரல் தின்னா வைட்டமின் ஏ தலைக்கேறும். தல வலிக்கும், எலும்பு கெடும். வாரத்துக்கு ரெண்டே தடவ. மத்த நாளு முட்டை, கீரை, நீங்க ஒதுக்கி வெச்சீங்களே அந்தச் சதைக்கறி. அதுல கீற இரும்ப ஒடம்பு சுலபமா எடுத்துக்கும், பிரபாவதிம்மா. அளவு கம்மின்னு எளக்காரமா நெனைக்காதீங்க."

அட்டவணை எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறது. எவ்வளவு உள்ளே சேரும் என்று சொல்வதில்லை. அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ரத்த அணுக்கள் ஊதிப் பெரிதாக இருக்கின்றனவாம். இரும்பு மட்டுமல்ல, ஃபோலிக்கும் போதவில்லை. மஞ்சளாக ஒரு சின்ன மாத்திரை கொடுத்திருக்கிறார். இது வயிற்றைப் படுத்தாது.

23 ஜூலை, புதன்

சமையலறையில் நின்று பார்த்தேன். வேண்டா ஈரலை வேகவைத்து, பழுப்பு நுரையோடு அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள்.

அட்டவணையின் தலைப்பில் 'பச்சையாக' என்று போட்டிருந்தது. ஃபோலிக் தண்ணீரில் கரைந்து போகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டுச் சக்கையைத் தின்றிருக்கிறேன், அதுவும் ஒழுங்காக, நேரம் தவறாமல்.

"கொட்டாதே," என்றேன்.

"நீங்கதானம்மா கொட்டச் சொன்னீங்க! ரத்தம் பொட்டு தெரியக் கூடாதுன்னு நாலு வாட்டி அலசி அலசி என் கை மஞ்சளாயிடுச்சு!"

"இனிமேல் ஒருமுறை அலசு. சின்ன வெங்காயம், மிளகு, அப்படியே வாணலியில். தண்ணீர் இறுக்காதே."

"இத முன்னியே சொல்லியிருந்தா எனக்கு அரை மணி வேல மிச்சம்."

சரியாகத்தான் சொன்னாள்.

இன்றைய ஈரல் மென்மையாக இருந்தது. நன்றாக இருந்தது என்றுகூட எழுதலாம்.

18 ஆகஸ்ட்

8.9. மூச்சு வாங்காமல் மாடி ஏறினேன். பாரம் அப்படியே இருக்கிறது. அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

15 செப்டம்பர், திங்கள்

9.5. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி வைத்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். அதற்குள் பத்து வந்தால்.

இந்த வாரம் புரட்டாசி பிறக்கிறது.

17 செப்டம்பர், புதன்

இந்த வீடு பெருமாளைக் கும்பிடுகிற வீடு. புரட்டாசி முழுவதும் கவுச்சி கிடையாது. முட்டைகூட உள்ளே வராது. திருமணமாகி வந்ததிலிருந்து ஒரு வருடம் தவறியதில்லை. என் கணவர் டைபாய்டில் கிடந்தபோது டாக்டர் ஆட்டுக்கால் சூப் சொன்னார், மாமியார் மறுத்துவிட்டார்.

மாதம் முழுக்க நிறுத்தினால்? கீரையும் பேரீச்சையும் 9.5-ஐத் தாங்கிப் பிடிக்கலாம். ஏற்றுமா? ஏற்றாவிட்டால் அக்டோபர் போயிற்று. ஆறு மாதம். அல்லது மகனிடம் போய் நிற்பது.

அவர் படத்தின் முன் நின்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஈரல் தின்றவர் அவர். அவரிடம் என்ன கேட்பது?

பெருமாளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஊருக்கு அல்ல.

21 செப்டம்பர், ஞாயிறு

வேண்டா கைவிரித்துவிட்டாள்.

"இன்னாம்மா நீங்க! பொரட்டாசில போயி... நான் தொடமாட்டேன். நீங்க படிச்சவங்க, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது. எனக்கு ரெண்டு கொயந்தைங்க கீது."

வற்புறுத்தவில்லை. அவள் சாமி அவளுக்கு.

கறிக்கடையில் ஈ காக்கை இல்லை. பாய் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, முழு ஈரலும் இருக்கு, எவ்ளோ வேணும்? இந்த மாசம் ஈரல் வாங்க ஆளே கெடையாது." முகத்தில் எந்தக் கேள்வியும் இல்லாமல் எடை போட்டார். எதிர் மருந்துக்கடை வாசலில் நின்றவர்களின் முகத்தில் கேள்வி இருந்தது. பையைக் கையில் தெரியப் பிடித்துக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினேன்.

நானே சமைத்தேன். அடுப்பு முன் நிற்க முடியவில்லை, ஸ்டூல் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் கருகிற்று. தட்டு காலி.

28 செப்டம்பர், ஞாயிறு

இதை வரிசையாக எழுத வேண்டும்.

மதியம் ஒரு மணி. தட்டில் சோறும் ஈரலும். கேட் சத்தம். தமிழ்வாணனும் அவன் மனைவி திவ்யாவும். சொல்லாமல் வந்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றும்போதே அவன் நின்றுவிட்டான்.

"இன்னாம்மா வாசன இது? வேண்டா கவுச்சி ஆக்குதா? பொரட்டாசிலயா?"

"வேண்டா இன்று வரவில்லை. நான் சமைத்தேன்."

உள்ளே வந்து தட்டைப் பார்த்தான். "ஈரலு! நீதான் ஈரலே சாப்ட மாட்டியே?"

"கொடுத்ததில்லை. சாப்பிட மாட்டேன் என்று எப்போது சொன்னேன்?"

"அம்மா, மொதல்ல அத எடுத்து வெளிய போடு. அப்பா இருந்தா—"

"அப்பா இருந்தால் இது அவர் தட்டில் இருக்கும். உட்கார். நான் முடித்துக்கொள்கிறேன்."

சாப்பிட்டேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். கடைசித் துண்டுவரை மென்று விழுங்கினேன். கை கழுவிவிட்டு வந்து சொன்னேன். கருப்பை என்ற சொல்லை மகன் முன்னால் சொன்னேன். ஐயோ, என் வாயா அது? ஆனால் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டான். திவ்யாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எவ்ளோ நாளா அத்தை?"

"ஐந்து வருடம்."

"எங்க அம்மாவுக்கும் இதுதான்," என்றாள். "அவங்க யார்ட்டயும் காட்டவேயில்ல. இன்னும் வெச்சிகினுதான் இருக்காங்க."

தமிழ்வாணன் கண் சிவந்து திரும்பி வந்தான். நான் நினைத்தது போலவே, "கெளம்பு. இன்னிக்கே கேளம்பாக்கம். நீ இங்க தனியா இருந்தது போதும்," என்றான்.

"ரத்தம் பத்து வரும்வரை இங்கேதான். ஆபரேஷன் முடிந்து உங்கள் வீட்டில் ஆறு வாரம். ஏழாவது வாரம் நான் இங்கே வருவேன். வாடகைக்கு ஆள் பார்ப்பதை விட்டுவிடு."

"அம்மா, நீ இன்னா பேரம் பேசுறியா?"

"ஆமாம்."

திவ்யா சிரித்துவிட்டாள். "ஒத்துக்குங்க. இவங்க முழு ஈரலத் தின்னுட்டு ஒக்காந்துகினு இருக்காங்க, ஒங்களால ஜெயிக்க முடியாது."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. போகும்போது, "புதன்கெழமைக்கு நான் வாங்கியாந்து தரேன். ஆட்டோல போய்ட்டு வராத," என்றான்.

8 அக்டோபர், புதன்

10.1.

மாத்திரையா ஈரலா என்று டாக்டர் கேட்டார். இரண்டும், கூடவே சதைக்கறியும், என்றேன். யார் பங்கையும் மறைக்கக் கூடாது.

11 அக்டோபர்

நாளை. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

26 அக்டோபர், ஞாயிறு, கேளம்பாக்கம்

பாரம் இல்லை. தையல் வலி இருக்கிறது, வேறு வலி, முடிகிற வலி. ஆறாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல். திவ்யா பிரியத்தோடு கவனிக்கிறாள். உப்பு மட்டும் கையில் நிற்பதில்லை. தமிழ்வாணன் என் அறைக்கு வரும்போது இப்போது கதவைத் தட்டுகிறான், கண்ணைப் பார்த்துப் பேசுகிறான்.

வேண்டா போனில், "யம்மா, சாமி ஒங்கள ஒண்ணும் செய்லியே?" என்றாள்.

"செய்தது. நன்றாகத்தான் செய்தது."

24 நவம்பர், திங்கள்

செங்கல்பட்டு. என் படுக்கை.

14 டிசம்பர், ஞாயிறு

திவ்யாவின் அம்மா கேளம்பாக்கம் வந்திருக்கிறார் என்று போன் வந்ததும் காலை பஸ்ஸில் கிளம்பினேன். அவரிடம் தனியாக இரண்டு மணி நேரம் பேசினேன். முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த டாக்டரம்மா எப்போ திரும்பி வருவாங்க?" என்று கேட்டார். அதுவரை ரத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, ஈரலை எப்படி அலசுவது என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.

தங்கிவிட்டுப் போகச் சொன்னார்கள். மாலை பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். திருப்போரூரில் ஒரு பெண் எழுந்து, "ஆயா, நீ குந்து," என்றாள். வேண்டாம் என்று சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். செங்கல்பட்டு வரை நின்றுகொண்டே வந்தேன், வழியில் பாதி இருக்கைகள் காலியான பிறகும்.